துளி முங்கணும்

— அந்தப் பிளாஸ்க்கை வாசல்லயே வச்சிட்டு வாங்கன்னு அப்பவே சொன்னேனே அண்ணாச்சி. இன்னும் கக்கத்துலதான் இருக்கு.

— நான் என்ன சொல்லுதேன்னா சிஸ்டர், இது இவளுக்கு இல்ல. இவ ரத்தம் குடுத்து முடிச்ச பொறவு, இங்கன நிக்க டாக்டர்மாருக்கு ஆளுக்கு அரை கிளாஸ் ஊத்தலாம்னு கொண்டாந்தேன். இந்தச் சுடலைமாடன் போடுத பால் இல்லாத கட்டன்னா புளியறை செக்போஸ்ட்ல லாரிக்காரன் வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கி வருவான். மலையாளத்துக்காரனே நம்ம கடையிலதான் கட்டன் சாயா குடிச்சிட்டு ஊருக்குப் போறான், பாத்துக்கிடுங்க.

— எனக்கு நல்லாத் தெரியும். போன வருசம் தென்காசியில இதே ஸ்கூல்ல, இதே கேம்ப்ல, "என் டீயைக் குத்தம் சொல்ல நீ யாரு"ன்னு கேட்டுட்டுப் போனவர்தானே நீங்க?

— சவத்த விடுங்க சிஸ்டர். அது போன வருசம்.

— அவரு மறந்துட்டாரு நூர்நிஷா சிஸ்டர். நான் மறக்கல. மேலகரம் போய்ச் சேருத வரைக்கும் பஸ்ஸுல பொலம்பிக்கிட்டே வந்தாரு. "பேராச்சி, அந்தப் பிள்ளைக்குப் படிப்பு இருக்கு, நாக்குதான் இல்ல"ன்னு.

— ஏட்டி, அதையெல்லாம் இங்கன வந்து சொல்லணுமா?

— நீங்க சொன்னதத்தான சொன்னேன்.

— சொல்லட்டும் அண்ணாச்சி, எனக்குக் கோவம் இல்ல. பேராச்சி அக்கா, நீங்க இப்படி உக்காருங்க. காலையில நல்லா சாப்பிட்டீங்களா?

— சாப்பிட்டேன் சிஸ்டர். உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும். இன்னும் ஒரு ஆளுக்கு இருக்கு, தூக்குவாளியில கொண்டாந்திருக்கேன். இந்தாங்க, நீங்க அந்த பெஞ்சுல உக்காந்து சாப்பிடுங்க.

— குடுக்கப் போறவ நீ. நான் எதுக்குட்டி இப்பம் சாப்பிடணும்?

— வெறும் வயித்துல நிக்கீய. சாப்பிடுங்கன்னா சாப்பிடுங்க.

— பாத்தீயளா சிஸ்டர், ஒரு வருசமா வீட்டுல இவ சொல்லுததுதான் சட்டம். என்ன திங்கணும், எப்பம் திங்கணும், எப்பம் டீ குடிக்கணும். நான் டீக்கடைக்காரன். என்கிட்டயே டீக்கு நேரம் சொல்லுதா.

— சட்டம் நல்லாத்தானே இருக்கு. அக்கா, இன்னைக்கு டீ?

— எந்திரிச்ச உடனே ஒரு கிளாஸ் குடிச்சது. சாப்பாட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இருந்துச்சு. சாப்பிட்ட பொறவு தொடல.

— ராத்திரி தூக்கம்?

— ஒம்பதரைக்கே படுத்துட்டேன். முன்னால மாதிரி பதினோரு மணி வரைக்கும் தட்டை மடியில வச்சிக்கிட்டு பீடி சுத்துதது இல்ல இப்பம். விடியக்காலம் எந்திரிச்சு குத்தாலம் ரோட்டுல நடக்கேன். எங்க தெருவுல பீடி சுத்துத பொம்பளையோ எல்லாரும் வருதாளுவோ. மொதல்ல ஆம்பளையோ சிரிச்சானுவோ. "அருவியில தண்ணி நூலாட்டம் விழுது, இவளுவோ எங்க குளிக்கப் போறாளுவோ"ன்னு. இப்பம் எவனும் சிரிக்கல.

— நான் ஒரு நாளும் சிரிக்கல சிஸ்டர்.

— நீங்க ஒறங்கிக்கிட்டு இருந்தீய. எப்படிச் சிரிப்பீய?

— அக்கா, வாய் ஓயட்டும், பிரஷர் பாத்துக்கிடுதேன். கையைத் தளர்த்தி வைங்க... நல்லாருக்கு. எடையும் போன வருசத்துக்கு இப்ப கூடியிருக்கு. முகத்துல தெரியுது. போன தடவை உதடு வெளுத்து, நகமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. சரியா, இனி விரல் குத்திப் பாக்கணும். நீலத் தண்ணி ஞாபகம் இருக்கா?

— இல்லாம? அந்தக் குப்பி கனவுல வருது சிஸ்டர். ரத்தத்துல சத்து இருந்தா துளி நேரா முங்கும். சத்து இல்லன்னா மேல மெதக்கும். என் துளி ரெண்டு வருசமும் மெதந்துட்டு. சின்னதா, சிவப்பா, என்னைப் பாத்துக்கிட்டே மெதந்துச்சு. மொத வருசம் அழுதேன். போன வருசம் அழக்கூட தெம்பு இல்ல.

— கேக்கணும்னு நினைச்சேன். ரத்தம் குடுக்க இந்த ஹால்ல எத்தனையோ பேர் வாராங்க. வேணாம்னு திருப்பி அனுப்பினா, விட்டது தொல்லைன்னுதான் முக்காவாசிப் பேர் போவாங்க. நீங்க ஏன்க்கா இவ்வளவு பிடிவாதமா வாரீங்க?

— நேர்ச்சை சிஸ்டர்.

— நேர்ச்சையா? ரத்தம் குடுக்கிறதுக்கா?

— நான் சொல்லுதேன் சிஸ்டர். இவ சொன்னா பாதியில அழுதுருவா. எங்க குழலி இருக்காள்லா, குழல்வாய்மொழி, எங்க மக. அவ பொறந்தப்பம் இவளுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. கட்டில்ல போட்ட துணி, கீழ விரிச்ச துணி எல்லாம் நனைஞ்சிட்டு. மூணு பாட்டில் ஏத்தினாவ. யாரு குடுத்த ரத்தமோ, எந்த ஊரு ஆளோ, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இவ ரெண்டு நாளு கண்ணு முழிக்கல. பேரு சொல்லிக் கூப்பிட்டா அசைவு இல்ல. ஒரு பக்கம் பிள்ளை வீல் வீல்னு கத்துது. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில நின்னு எங்க குலசாமி சாஸ்தாவ நினைச்சு...

— நினைச்சு?

— ...நினைச்சு அழுதேன். வேற என்ன செய்ய. அப்பந்தான் அந்த நேர்ச்சை. தாயும் பிள்ளையும் பிழைச்சு வீட்டுக்கு வந்தா, வாங்கின ரத்தத்துல ஒரு பாட்டிலாவது திருப்பிக் குடுக்கணும். குடுத்த பொறவுதான் பிள்ளைக்கு மொத முடி எறக்கணும், காது குத்தணும்.

— யா அல்லா, இப்படி ஒரு நேர்ச்சையை நான் கேட்டதே இல்ல. அந்த நிலைமையில எப்படிக்கா இது தோணுச்சு உங்களுக்கு?

— அவரக் கேளுங்க சிஸ்டர். அவருக்குத்தான் எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு.

— அது... அந்த நேரத்துல தோணுததுதான சிஸ்டர். சாமி விசயம். இந்த உளுந்தஞ்சோறு நல்லாருக்குட்டி. பூண்டு கூடப் போட்டியா?

— பேச்ச மாத்தாதீய. சோறு நல்லாத்தான் இருக்கும்.

— அப்ப பாப்பாவுக்கு இன்னும் முடி எறக்கலையா? என்ன வயசு?

— அஞ்சு ஆவப் போவுது சிஸ்டர். பொறந்த முடி அப்படியே இருக்கு. சிக்குப் பிடிச்சு, பேன் பிடிச்சு, சீப்பு எறங்காது. காது ரெண்டும் மூளி. பள்ளிக்கூடத்துல பிள்ளையோ "கம்மல் வாங்க வக்கில்லையா"ன்னு கேக்குதாம். வந்து என் மடியில படுத்துக்கிட்டு, "எம்மா, உனக்கு எப்பம் ரத்தம் ஊறும்"னு கேக்கா. எங்க அத்தை தங்கபுஷ்பம் அதுக்கு மேல. ஊருல உள்ளவுக பேரன்பேத்திக்கெல்லாம் முடி எறக்கியாச்சு, சொந்தப் பேத்தி இப்படி இருக்கான்னு அவ்வோளுக்கு வருத்தம். ஆனா நேந்தது நேந்ததுதான்னு சொல்லிட்டாவ. நேந்தவ குடுக்காம முடி மேல கத்தி வைக்கக் கூடாது.

— வர்ற பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு எல்லாரும் கூடுவாவ சிஸ்டர். மெட்ராஸ்ல, பம்பாயில இருக்கவன்லாம் அன்னைக்குத்தான் வருவான். அன்னைக்கு முடி எறக்கணும். இந்தத் தடவையும் துளி மெதந்துட்டுன்னா, பொறவு அடுத்த உத்திரம்தான். இன்னொரு வருசம் பிள்ளை அந்தத் தலையோட திரியணும்.

— இதையெல்லாம் ஏன்க்கா போன தடவையே சொல்லல?

— சொன்னா சிரிப்பீயளோன்னு. படிச்சவிய, சாமிக்கு ரத்தம் குடுக்க வந்திருக்கான்னு நினைச்சிருப்பீய.

— சிரிச்சிருக்க மாட்டேன். நானும்தான் நாகூருக்கு நேர்ந்துக்கிட்டுப் பரீட்சை எழுதினேன். ஆனா நேர்ச்சைக்காகத் துளி முங்காதுக்கா. அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது. மெதந்துச்சுன்னா இந்தத் தடவையும் எழுந்து போகச் சொல்லிருவேன், சரியா?

— சொல்லுங்க. மெதந்த ரத்தத்த வாங்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன். சாமிக்குப் படைக்கதுல குறை இருக்கக் கூடாது.

— மொத வருசமே நான் உங்ககிட்ட முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னேன்ல?

— சொன்னீய. நானும் தின்னேன் சிஸ்டர், ஆடு தின்ன மாதிரி தின்னேன். வீட்டுக்குப் பொறத்த நிக்க மரத்துல ஒரு கொப்பு மிச்சமில்ல. கீரைப் பொரியல், கீரைக் கொழம்பு, கூட்டாஞ்சோத்துலயும் கீரை. ஒரு வருசம் தின்னுட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்தேன். துளி மெதக்குது. நான் நினைச்சேன், எனக்குத்தான் பிழைக்கத் தெரியாத உடம்புன்னு.

— நானும்தான் தப்புப் பண்ணினேன். கீரையைச் சொன்னேன், அது கூட என்ன குடிக்கிறீங்கன்னு கேக்கவே இல்ல. போன வருசம் சத்து மாத்திரையை உங்க கையில குடுத்தேன், நீங்க என் கண்ணு முன்னாலேயே பிளாஸ்க்கைத் திறந்து, கட்டன் ஊத்தி, மாத்திரையை அதுல முழுங்கினீங்க. எனக்குத் தலையே சுத்திருச்சு.

— தண்ணியில முழுங்குனா வாய் கசக்கும்லா. அதான் கட்டன்ல.

— அந்த பிளாஸ்க்கு நான் குடுத்தது சிஸ்டர். இந்தா, இதேதான். தெனம் கடைக்குக் கெளம்புததுக்கு முன்னால சுடச்சுட ஒரு பிளாஸ்க் போட்டு இவ பக்கத்துல வச்சிட்டுத்தான் XL வண்டிய ஸ்டார்ட் பண்ணுவேன். பீடி சுத்துத வேலைன்னா உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க முடியாது. கை நின்னா கணக்கு குறையும். பசிச்சா ஒரு வாய் கட்டன், தூக்கம் வந்தா ஒரு வாய் கட்டன். என் பெண்டாட்டி சோர்ந்துரக் கூடாதுன்னுதான் குடுத்தேன். அது அவளுக்கு எமனா இருக்குன்னு நீங்க சொன்னப்பம் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— எமன்னு நான் சொல்லவே இல்ல அண்ணாச்சி. சோத்தோட சேத்து சாயா குடிச்சா, கீரையில, மாத்திரையில இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சேராது, அந்தத் துவர்ப்பு தடுத்துரும்னு சொன்னேன். நேரம் விட்டுக் குடிக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

— எனக்கு அன்னைக்குக் காதுல அப்படித்தான் விழுந்துச்சு.

— நான் சொல்லட்டா சிஸ்டர்? இவரு அன்பைத்தான் நான் குடிச்சுக்கிட்டே இருந்தேன். தின்ன கீரை பூரா அந்த அன்புல கரைஞ்சு போச்சு.

— ஏட்டி, ஆளு பேரு கூடியிருக்க எடத்துல இப்படிப் பேசாத.

— வெக்கத்தப் பாருங்க. பொறவு என்ன நடந்துச்சு தெரியுமா சிஸ்டர்? சண்டை போட்டுட்டு வந்தாருல்லா, மூணு நாளு என்கிட்டப் பேசல. நாலாவது நாளு காலையில பாக்கேன், பிளாஸ்க்கை எடுக்கல. அடுப்பங்கரையில உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்காரு. உருவி முடிச்சு, எலுமிச்சம்பழம் ரெண்டு எடுத்துப் பக்கத்துல வச்சிட்டு, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னைக்குலேருந்து ஒரு நாளு விடல.

— புளிப்பு சேத்தா சத்து நல்லாச் சேரும்னு சிஸ்டர்தான சொன்னாவ. அதான் வச்சேன்.

— நான் சொன்னதை அவ்வளவு கோவத்துலயும் கேட்டிருக்கீங்க.

— காது கேக்கத்தான செய்யும் சிஸ்டர்.

— காட்டு நெல்லிக்கா வித்துக்கிட்டு குத்தாலம் ரோட்டுல ஆளு இருந்தா, வண்டிய நிறுத்தி வாங்கிட்டு வருவாரு. ஞாயித்துக்கெழமைன்னா ஆட்டுச் சுவரொட்டி, ஈரல். செங்கோட்டையில போயி வாங்கிட்டு வந்து அவரே வதக்கிக் குடுப்பாரு. நான் வெறுங்காலோட தோட்டத்துப் பக்கம் போறேன்னு செருப்பு வாங்கிட்டு வந்தாரு. பூச்சி மாத்திரை, சத்து மாத்திரை, எல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான். இவருக்கும் நான் அதையேதான் ஆக்கிப் போட்டேன். ராத்திரி புரோட்டா கேட்டாரு. கம்பு தோசைதான் வரும்னு சொன்னேன். முறைச்சாரு, பொறவு தின்னாரு. இப்பம் தொந்தி எங்க போச்சுன்னு கடையில கேக்காவளாம்.

— எல்லாரும் கேக்கான் சிஸ்டர். லாரிக்காரன் பெஞ்சமினுக்குச் சக்கரை இருக்கு, இந்தா எங்ககூட வந்து வாசல்ல நிக்கான்லா, அவன்கூட கேட்டான். இப்பம் நான் கடையில சாப்பிட்டுட்டு வாற ஆளுக்கு உடனே டீ போடுதது இல்ல. "லே, ஒரு மணி நேரம் போயி வண்டியில படுத்துட்டு வா"ன்னு சொல்லுவேன். மொதல்ல ஏசினானுவோ. டீக்கடை நடத்துதியா, ஆஸ்பத்திரி நடத்துதியான்னு.

— இதைத்தான் சிஸ்டர் நான் உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். சுடலைமாடன் டீ கேட்டவனுக்கு டீ இல்லன்னு சொன்னாருன்னா, மேற்கே மலையில மழை பேஞ்சா இங்க அருவி கொட்டுத மாதிரிதான், அந்தச் சேதி எங்க தெரு பூரா வந்து சேந்துரும். எங்க பீடி செட்டுல இப்பம் எவளும் சோத்தோட கட்டன் குடிக்கது இல்ல. சோறு வேற நேரம், சாயா வேற நேரம். தட்டுக்குப் பக்கத்துல வறுத்த நெலக்கடலையும் கருப்பட்டியும் இருக்கும்.

— அல்ஹம்துலில்லா. சரி, அக்கா, பேசினது போதும். இடது கை. நடு விரலைக் குடுங்க. அண்ணாச்சி, நீங்க வந்து பாக்குறீங்களா?

— நான் இங்கன இருந்தே பாத்துக்கிடுதேன்.

— அங்க இருந்தா உங்களுக்கு என் முதுகுதான் தெரியும்.

— முதுகு போதும் சிஸ்டர். ரத்தத்தப் பாத்தா எனக்கு... பயம்லாம் கெடையாது. சும்மா கண்ணு ஒரு மாதிரி சொழலும், காதுல வண்டு சத்தம் கேக்கும். அவ்வளவுதான்.

— அப்ப நீங்க ஒரு தடவைகூடக் குடுத்தது இல்லையா?

— எனக்கு எங்க நேரம் சிஸ்டர். கடை, XL, பால் வாங்கணும், கணக்குப் பாக்கணும். பொறவு நேந்தவ குடுக்கணும்லா. மத்தவன் குடுத்தா சாமி ஏத்துக்கிடுமா?

— சரியாச் சொன்னீய. நேந்தவங்கதான் குடுக்கணும். குத்துங்க சிஸ்டர்.

— ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி... முடிஞ்சிருச்சு. துளி நல்லா வந்திருக்கு. இப்ப விடப் போறேன்.

— சாஸ்தா. என் அய்யா. ஒரு தடவை.

— என்னாச்சு? விட்டாச்சா? ஏட்டி, சொல்லு. சிஸ்டர், யாராவது சொல்லுங்க.

— பேசாதீங்க அண்ணாச்சி, பாத்துக்கிட்டு இருக்கேன்.

— நிக்குது சிஸ்டர். நடுவுல நிக்குது. மேல வருதா?

— மேல வரல. பொறுங்க.

— நான் கண்ணை மூடிக்கிட்டேன். பேராச்சி, என்ன நடந்தாலும் பரவால்லட்டி. மெதந்தாலும் பரவால்ல. அடுத்த வருசம் வருவோம். நான் கீரை உருவுதேன். நீ அழாத.

— போவுது... சிஸ்டர், கீழ போவுது.

— போகுது. போகுது... முங்கிருச்சு. நேரா அடியில போயி உக்காந்திருச்சு.

— முங்கிட்டு. எய்யா, முங்கிட்டு. கண்ணைத் தொறங்க, இங்கன வந்து பாருங்க. அடியில கெடக்கு பாருங்க என் துளி. சிவப்பா கெடக்கு.

— எங்க? எங்கட்டி? ஆமா. ஆமாட்டி. அடியிலதான் கெடக்கு. ஏ பெஞ்சமினு, வாலே இங்கன, வாசல்ல நிக்காத. முங்கிட்டு பாரு.

— அண்ணாச்சி, மேசையைத் தட்டாதீங்க, குப்பி உருண்டுரும்.

— எனக்கு அழுகையும் வருது சிஸ்டர், சிரிப்பும் வருது. ரெண்டும் சேந்து வருது. என் பிள்ளை தலைக்கு இனிமே சீப்பு எறங்கும். என் உடம்பு நல்ல உடம்புதான், பாத்துக்கிடுங்க. நான்தான் தெரியாம அதைப் போட்டு வதைச்சிட்டேன்.

— நல்ல உடம்புதான்க்கா. நீங்க போட்ட சோறுதான் இதை முங்க வச்சுது, நீங்க நடந்த நடைதான். இதுல என் பங்கு கொஞ்சம். டாக்டரும் பாத்துட்டார், குடுக்கலாம்னு சொல்லிட்டார். வாங்க, இந்தக் கட்டில்ல படுங்க. கையை நீட்டுங்க. பந்தைப் பிடிச்சு மெதுவா அமுக்குங்க.

— இது எவ்வளவு நேரம் ஆகும்?

— பீடி ஒரு கட்டு சுத்துற நேரம்கூட ஆகாது. சும்மா எதையாவது பேசிக்கிட்டு இருங்க.

— அந்த ரத்தம் யாருக்குப் போகும் சிஸ்டர்?

— தெரியாதுக்கா. யாராவது ஒரு அம்மாவுக்குப் போகலாம்.

— போகட்டும். அவ பிள்ளைக்கும் முடி எறக்கட்டும்.

— அந்தப் பையைப் பாருங்க, எப்படி நிறையுதுன்னு. அண்ணாச்சி, நீங்க பாக்காதீங்க. அந்தப் பெஞ்சைப் பிடிச்சுக்கோங்க.

— நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருக்கேன் சிஸ்டர். காசி விசுவநாதர் கோபுரம் தெரியுது. அதப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— முடிஞ்சிருச்சுக்கா. பஞ்சை அமுக்கிப் பிடிங்க. கொஞ்ச நேரம் படுத்தே இருங்க. இந்தாங்க எலுமிச்சை ஜூஸ். மாத்திரையை நிறுத்திராதீங்க, இதே சாப்பாட்டையும் விட்டுராதீங்க, சரியா? குடுத்த ரத்தம் திரும்ப ஊறணும்.

— விடுவேனா? இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிச்சத.

— எங்க என் போனு? இரு, எங்க அம்மைக்குச் சொல்லணும். ஹலோ... எம்மா, நான்தான். முடிஞ்சிட்டு. ஆமா, முங்கிட்டு. குடுத்துட்டா. நல்லாருக்கா, சிரிச்சிக்கிட்டுக் கெடக்கா. நேர்ச்சை தீந்துட்டும்மா. நீ இப்பமே முடி எறக்குதவருக்கும், காது குத்துத ஆசாரிக்கும் சொல்லி விட்டுரு. ராயகிரியில இருக்க தாய்மாமனுக்கும் சொல்லு, மடியில உக்கார வைக்க அவருதான வரணும். அழாத. சந்தோசமான விசயத்துக்கு ஏன் அழுத?

— போனை இங்கன குடுங்க. அத்தை, நான்தான். ஒரு வலியும் இல்ல அத்தை. குழலி என்ன செய்யுதா? சீப்பைக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல நிக்காளா? வாறேன்னு சொல்லுங்க. அத்தை, ஆசாரிக்குச் சொல்லுங்க. ஆனா இப்பம் போவாதீங்க, ஒரு மணி நேரம் கழிச்சுப் போங்க. இங்கன இன்னும் கொஞ்சம் வேலை மிச்சம் இருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. வச்சிருதேன்.

— என்ன வேலைட்டி மிச்சம்? பிஸ்கட்டத் தின்னுட்டு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான.

— தூக்குவாளி சோறு முழுசும் சாப்பிட்டீயளா?

— வழிச்சுத் தின்னாச்சு. ஏன்?

— ராத்திரி நல்லாத் தூங்கினீய. காய்ச்சல் இல்ல, சக்கரை இல்ல, பிரஷர் இல்ல. ஒரு வருசமா எனக்கு ஆக்கினதத்தான் நீங்களும் தின்னீய. சிஸ்டர், அந்த நீலத் தண்ணி மிச்சம் இருக்கா?

— இருக்குக்கா. யாருக்கு?

— ஏட்டி, என்னைய ஏன் அப்படிப் பாக்க? நேர்ச்சைதான் தீந்துட்டுல்லா. நீதான் குடுத்துட்டியே.

— நான் குடுத்தது எனக்காகக் குடுத்தது. முகந்தெரியாதவங்க குடுத்து நான் பிழைச்சேன், நானும் யாருக்காவது குடுக்கணும்னு ஆசைப்பட்டேன். குடுத்துட்டேன். மனசு நெறைஞ்சு கெடக்கு. ஆனா நேந்தவங்கதான் குடுக்கணும்னு இப்பந்தான நீங்களே சொன்னீய.

— ஆமா, நேந்தது நீதானட்டி. நம்ம அம்மைக்கு, ஊருக்கு, எல்லாருக்கும் நான் அப்படித்தான சொன்னேன்.

— ரெண்டு நாளு கண்ணு முழிக்காமக் கெடந்தவ, எந்த வாயால நேந்திருப்பா? சிஸ்டர், பக்கத்துக் கட்டில்ல விரிப்ப மாத்திப் போடுங்க, வேப்ப மரத்தடியில நின்னு நேந்தவரு வாறாரு.